நேம்ஸ்பேஸை அழிக்கும் சாவி யார் கையில்? அப்பாச்சி கேமலும் குபெர்னெட்டீஸும்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேசும்போது வந்த தயக்கங்களும் திரும்பத் திரும்பச் சொன்னவையும் நீக்கப்பட்டுள்ளன.)

00:00 | திங்கட்கிழமை காலை

இன்னைக்கு எபிசோட் ஒரு மெசேஜ்ல இருந்து ஆரம்பிக்குது. திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணி, டீ கூட இன்னும் குடிக்கல. டெஸ்டிங் டீம்ல இருக்கிற ஒரு பொண்ணு அனுப்பின மெசேஜ்: "அண்ணா, நம்ம டெமோ டேட்டாபேஸைக் காணோம். நீங்க ஏதாவது மாத்தினீங்களா?"

நான் எதையும் மாத்தலைன்னுதான் முதல்ல நினைச்சேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு சின்ன கிளீனப் ரூட்டை லைவ் பண்ணிட்டு வீட்டுக்குக் கிளம்பியிருந்தேன். ஆமா, வெள்ளிக்கிழமைதான். சிரிக்காதீங்க.

அந்த ரூட்டோட வேலை ரொம்ப எளிமையானது. தினமும் ராத்திரி 2 மணிக்கு எழுந்து, கிளஸ்டர்ல இருக்கிற எல்லா நேம்ஸ்பேஸையும் பட்டியல் எடுக்கணும். பேர் "டெமோ"ன்னு ஆரம்பிச்சு, மூணு நாளைக்கு மேல பழசா இருந்தா அழிச்சிடணும். நாங்க ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டுக்கும் தானா ஒரு நேம்ஸ்பேஸ் உருவாக்கிட்டு இருந்தோம். அதையெல்லாம் யாரும் சுத்தம் பண்றதில்லை, கிளவுட் பில் ஏறிக்கிட்டே போச்சு. அதுக்குத்தான் இந்த ரூட்.

டெஸ்டிங் டீம் மூணு வாரத்துக்கு முன்னாடி கையாலேயே ஒரு நேம்ஸ்பேஸ் உருவாக்கியிருந்தாங்க. வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டிய டெமோ. அதனால அதோட பேரும் "டெமோ"ன்னுதான் ஆரம்பிச்சது. உள்ளே ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், அதுல மூணு வாரமா உட்கார்ந்து என்ட்ரி போட்ட டேட்டா. சனிக்கிழமை அதிகாலை 2 மணிக்கு அது போயிடுச்சு. பேக்கப் இல்லை. நாலு பேர் அஞ்சு நாள் உட்கார்ந்து திரும்ப என்ட்ரி போட்டாங்க, டெமோ தள்ளிப்போச்சு.

இதுல எதுவுமே பழுதாகல. கனெக்டர் சரியா வேலை செஞ்சது. கிளஸ்டர் சரியா வேலை செஞ்சது. நான் எழுதினது அப்படியே நடந்துச்சு. அதனால இன்னைக்கு ரெண்டு விஷயம் பேசப் போறோம். அப்பாச்சி கேமல்ல குபெர்னெட்டீஸ் நேம்ஸ்பேஸ் கனெக்டரை எப்படி அமைக்கிறது? அமைக்கும்போது அதுக்கு எவ்வளவு அதிகாரம் கொடுக்கிறோம்?

02:40 | நேம்ஸ்பேஸ்: மேன்ஷன் ரூம் மாதிரி

புதுசா கேட்கிறவங்களுக்காக ரெண்டு நிமிஷம். குபெர்னெட்டீஸ்ங்கிறது கண்டெய்னர்களை நிறைய மெஷின்கள்ல பரப்பி ஓட்டுற ஒரு மேலாளர். கூகுள் 2014-ல ஓப்பன் சோர்ஸா வெளியிட்டாங்க, 2015 ஜூலைல 1.0 வந்துச்சு. கிரேக்க மொழியில அந்தப் பேருக்கு சுக்கான் பிடிக்கிறவர்னு அர்த்தம்.

ஒரே கிளஸ்டரைப் பல டீம் பகிர்ந்துக்கும்போது, அதைப் பிரிக்கிற வழிதான் நேம்ஸ்பேஸ். ஒரு மேன்ஷனை நினைச்சுக்கோங்க. 12-ம் நம்பர் ரூம்ல ஒரு குமார் இருக்கலாம், 15-ம் நம்பர் ரூம்ல இன்னொரு குமார் இருக்கலாம், குழப்பம் இல்லை. அதே மாதிரி ரெண்டு நேம்ஸ்பேஸ்ல "டேட்டாபேஸ்"னு ஒரே பேர்ல ரெண்டு சர்வீஸ் இருக்கலாம். புது கிளஸ்டர்ல பொதுவா நாலு நேம்ஸ்பேஸ் தானாவே வரும்: டிஃபால்ட், க்யூப்-சிஸ்டம், க்யூப்-பப்ளிக், க்யூப்-நோட்-லீஸ்.

ரெண்டு விஷயம் மட்டும் மனசுல வச்சுக்கோங்க. ஒண்ணு, இந்த ரூம்களுக்குத் தானா பூட்டு வராது. நெட்வொர்க் பாலிசின்னு ஒண்ணைத் தனியா போடுற வரைக்கும், ஒரு நேம்ஸ்பேஸ்ல இருக்கிற பாட் அடுத்த நேம்ஸ்பேஸ்ல இருக்கிற பாட்கிட்ட தாராளமா பேசலாம். ரெண்டாவது, நேம்ஸ்பேஸை அழிக்கிறதுன்னா ரூம் வாசல்ல இருக்கிற பேர்ப்பலகையைக் கழட்டுறது இல்லை. ரூமையே இடிக்கிறது. பாட், சர்வீஸ், சீக்ரெட், கான்ஃபிக் மேப், ஸ்டோரேஜ் கேட்டு வாங்கின கிளெய்ம், எல்லாம் அதோட போயிடும்.

எங்க டேட்டா எப்படிப் போச்சுன்னா, ஸ்டோரேஜைத் தானா ஒதுக்கித் தர்ற முறையில ரீக்ளெய்ம் பாலிசியோட இயல்பான மதிப்பு "டிலீட்". கிளெய்ம் அழிஞ்சா பின்னாடி இருக்கிற டிஸ்க்கும் அழியும். "ரீடெய்ன்"னு மாத்தி வச்சிருந்தா டிஸ்க்காவது மிஞ்சியிருக்கும்.

05:00 | கேமல் இதுல எங்க வருது?

அப்பாச்சி கேமல் 2007-ல ஆரம்பிச்ச திட்டம். கிரிகோர் ஹோப்பும் பாபி வுல்ஃபும் 2003-ல எழுதின "என்டர்பிரைஸ் இன்டக்ரேஷன் பேட்டர்ன்ஸ்" புத்தகத்துல இருக்கிற முறைகளைக் கோடா எழுத வைக்கிற ஃபிரேம்வொர்க். அதோட மையம் ரூட். "இங்கிருந்து எடு, இப்படி மாத்து, அங்க கொடு." எடுக்கிற இடத்துக்கும் கொடுக்கிற இடத்துக்கும் முந்நூறுக்கும் மேற்பட்ட கனெக்டர்கள் இருக்கு. கேமல் பாஷையில அதுக்குப் பேர் காம்போனென்ட்.

அதுல ஒண்ணுதான் "குபெர்னெட்டீஸ்-நேம்ஸ்பேசஸ்". கேமல் 2.17-ல இருந்து இருக்கு. ரெண்டு பக்கமும் வேலை செய்யும். ரூட்டோட கடைசியில போட்டா புரொட்யூசர்: பட்டியல் எடுக்கும், லேபிளை வச்சுத் தேடும், ஒண்ணை எடுத்துக் காட்டும், உருவாக்கும், மாத்தும், அழிக்கும். ரூட்டோட தொடக்கத்துல போட்டா கன்ஸ்யூமர்: கிளஸ்டர்ல நேம்ஸ்பேஸ் புதுசா வந்தா, மாறினா, போனா உங்களுக்குச் சொல்லும்.

"இதை க்யூப்-சிடிஎல் வச்சு ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்லயே பண்ணலாமே"ன்னு கேட்பீங்க. பண்ணலாம். ஆனா கிட்ல இருந்து வெப்ஹூக் வரணும், அதை வச்சு நேம்ஸ்பேஸ் உருவாகணும், டீமோட சாட்ல தகவல் போகணும், டிக்கெட்ல ஒரு வரி எழுதணும், நடுவுல ஒண்ணு தவறினா திரும்ப முயற்சி பண்ணணும்னு வரும்போது கேமல் மாதிரி ஒண்ணு கைகொடுக்கும்.

06:45 | இணைப்பு: முகவரி, டோக்கன், சான்றிதழ்

எண்ட்பாயின்ட் முகவரியை வாயால சொல்றேன். முதல்ல கனெக்டர் பேர், ஒரு கோலன், அப்புறம் மாஸ்டர் யூஆர்எல், அதாவது ஏபிஐ சர்வரோட முகவரி. அதுக்கப்புறம் கேள்விக்குறி போட்டு ஆப்ஷன்கள். முக்கியமானது ஆபரேஷன். அது என்ன வேலைங்கிறதைச் சொல்லும்.

யார் பேசுறாங்கன்னு கிளஸ்டருக்குக் காட்ட ரெண்டு வழி இருக்கு. ஓஆத் டோக்கன், சான்றிதழ் ஃபைல் எல்லாத்தையும் ஆப்ஷனா முகவரியிலேயே கொடுக்கலாம். இல்லைன்னா குபெர்னெட்டீஸ் கிளையன்ட்னு ஒரு ஆப்ஜெக்ட்டை நாமே உருவாக்கி, கேமலோட ரெஜிஸ்ட்ரியில வச்சு, அதைச் சுட்டிக்காட்டலாம். உள்ளுக்குள்ள ரெண்டுமே ஃபேப்ரிக்8-ங்கிற ஜாவா லைப்ரரியைத்தான் பயன்படுத்துது. நான் ரெண்டாவது வழியைத்தான் சொல்லுவேன். அஞ்சு ரூட் இருந்தா அஞ்சு இடத்துல டோக்கன் எழுத வேண்டாம், ஒரே இடத்துல மாத்தினா போதும்.

இங்க பொதுவா மாட்டுற மூணு இடம் இருக்கு.

முதல்ல, டோக்கனை எங்கிருந்தோ காப்பி பண்ணி ஒட்டுறது. குபெர்னெட்டீஸ் 1.24-க்கு அப்புறம், சர்வீஸ் அக்கவுன்ட் உருவாக்கினா காலாவதியே ஆகாத டோக்கன் தானா கிடைக்கிற பழக்கம் நின்னுபோச்சு. கட்டளை கொடுத்து வாங்குற டோக்கனுக்கு இயல்பா ஒரு மணி நேரம்தான் ஆயுள். காலையில ஓடின ரூட் மதியம் 401 காட்டினா, காரணம் பெரும்பாலும் இதுதான். கேமல் அந்தக் கிளஸ்டருக்குள்ளேயே பாட்-ஆ ஓடினா, டோக்கன் ஃபைல் பாட்-க்குள்ளேயே இருக்கும், க்யூப்லெட் அதை அவ்வப்போது புதுப்பிக்கும், ஃபேப்ரிக்8 அதை எடுத்துக்கும். ஒட்டின டோக்கனைப் புதுப்பிக்க யாருமே இல்லை.

அடுத்தது "ட்ரஸ்ட் செர்ட்ஸ்"ங்கிற ஆப்ஷன். சான்றிதழ் பிழை வந்ததும் எல்லாரும் இதை ட்ரூ-ன்னு போட்டு ஓட வச்சிடுவாங்க. எந்தச் சான்றிதழ் வந்தாலும் நம்புன்னு அர்த்தம். நடுவுல யாராவது ஏபிஐ சர்வர் மாதிரி வேஷம் போட்டா, உங்க டோக்கனை நீங்களே கையில கொடுத்துடுவீங்க. அதுக்குப் பதிலா கிளஸ்டரோட சிஏ சான்றிதழ் ஃபைலைக் காட்டுங்க. டோக்கன் இருக்கிற அதே ஃபோல்டர்லயே அதுவும் இருக்கும்.

மூணாவதுதான் பயங்கரமானது. உங்க லேப்டாப்ல எதையும் குறிப்பிடாம கிளையன்ட் உருவாக்கினா, ஃபேப்ரிக்8 உங்க க்யூப்-கான்ஃபிக் ஃபைலைப் படிச்சு, இப்போ எந்த கான்டெக்ஸ்ட் தேர்வாகியிருக்கோ அதையே எடுத்துக்கும். மதியம் புரொடக்ஷன்ல ஏதோ லாக் பார்த்துட்டு கான்டெக்ஸ்ட்டைத் திருப்ப மறந்திருந்தீங்கன்னா, சாயங்காலம் "லோக்கல்ல ஒரு டெஸ்ட்"னு ஓட்டுற டிலீட் ரூட் எங்க போகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. மாஸ்டர் யூஆர்எல்லை எப்பவும் வெளிப்படையா எழுதிடுங்க.

10:00 | உருவாக்குறது: பேரும் லேபிளும்

கிரியேட் ஆபரேஷனுக்கு ஹெடர்ல நேம்ஸ்பேஸ் பேர் கட்டாயம். இல்லைன்னா எக்ஸெப்ஷன் வரும். நம்ம பிராஞ்ச் பேரையே அப்படியே கொடுத்தா பெரும்பாலும் 422 வரும். ஏன்னா நேம்ஸ்பேஸ் பேர்ல ஆங்கிலச் சின்ன எழுத்து, எண், நடுவுல ஹைஃபன் மட்டும்தான் வரலாம், மொத்தம் 63 எழுத்துக்கு மேல போகக்கூடாது. ஸ்லாஷ், அண்டர்ஸ்கோர், கேப்பிட்டல் எதுவும் ஆகாது. அதனால நடுவுல ஒரு பீன் வச்சுப் பேரைச் சுத்தம் பண்ணணும். பேரை வெட்டும்போது ரெண்டு பிராஞ்ச் ஒரே பேரா மாறிடலாம், அதனால புல் ரிக்வெஸ்ட் எண்ணையும் சேர்த்துடுங்க.

லேபிளை ஒரு மேப்-ஆ ஹெடர்ல கொடுக்கணும். இங்கதான் நான் சோம்பேறித்தனம் பண்ணினேன். "பேர்ல டெமோன்னு இருக்கே, அது போதாதா?"ன்னு விட்டுட்டேன். பேர் யார் வேணும்னாலும் வைக்கலாம். லேபிள் வேற மாதிரி, "இதை இந்த ரூட்தான் உருவாக்குச்சு"ங்கிற முத்திரை. இப்போ எங்க ரூட் மூணு லேபிள் போடுது: எந்த ரூட் உருவாக்குச்சு, எந்த டீமோடது, எந்தத் தேதியோட காலாவதி.

லேபிள் மதிப்புக்கும் கட்டுப்பாடு இருக்கு. 63 எழுத்துதான், ஆங்கில எழுத்து, எண், ஹைஃபன், அண்டர்ஸ்கோர், புள்ளி மட்டும்தான். ஈமெயில் முகவரி போட முடியாது, அட் குறி ஆகாது. நேரம் போட முடியாது, கோலன் ஆகாது. 2025-06-30 மாதிரி தேதி மட்டும்னா சரியா வரும்.

இன்னொரு இடம்: அழிக்கச் சொன்ன உடனே நேம்ஸ்பேஸ் போயிடாது. "டெர்மினேட்டிங்" நிலைக்குப் போகும், உள்ளே இருக்கிறது எல்லாம் ஒவ்வொண்ணா கழண்ட அப்புறம்தான் மறையும். ஃபைனலைசர் ஏதாவது முடியாம நின்னா மணிக்கணக்கா அப்படியே தொங்கும். அந்த நேரத்துல அதே பேர்ல உருவாக்கச் சொன்னா 409 வரும். அதனால 409-ஐப் பார்த்து "ஏற்கெனவே இருக்கு, சந்தோஷம்"னு ரூட்டை முன்னே விட்டுடாதீங்க. கெட் ஆபரேஷன் வச்சு எடுத்து, அது உயிரோட இருக்கா, நம்ம லேபிள் இருக்கான்னு பாருங்க. அப்படி ஒரு நேம்ஸ்பேஸே இல்லைன்னா கெட் எக்ஸெப்ஷன் எறியாது, பாடி காலியா வரும். அதையும் சரிபார்க்கணும்.

12:30 | டிலீட் உரிமை: நான் தப்பா நினைச்ச இடம்

இப்போ இந்த எபிசோடோட மையத்துக்கு வரேன். குபெர்னெட்டீஸ்ல யார் என்ன பண்ணலாம்னு தீர்மானிக்கிறது ஆர்பேக். எந்த ரிசோர்ஸ் மேல, எந்தச் செயல்னு ரோல்ல எழுதி, ஒரு சர்வீஸ் அக்கவுன்ட்டோட கட்டிவிடுவோம்.

என் ரூட்டோட அக்கவுன்ட்டுக்கு நான் கொடுத்தது ரொம்ப "கம்மி"யான உரிமைன்னு பெருமையா நினைச்சிருந்தேன். பாட் பார்க்க முடியாது. சீக்ரெட் படிக்க முடியாது. டிப்ளாய்மென்ட் தொட முடியாது. நேம்ஸ்பேஸ் மேல மட்டும் லிஸ்ட், கெட், கிரியேட், டிலீட். ரிவ்யூ பண்ணினவரும் "சூப்பர், டைட்டா இருக்கு"ன்னு சொல்லிட்டார்.

ஆனா நேம்ஸ்பேஸை அழிக்கிறவருக்கு உள்ளே இருக்கிறதை அழிக்கிற உரிமை தேவையே இல்லை. நேம்ஸ்பேஸை அழிக்கச் சொன்னா போதும், உள்ளே இருக்கிறதையெல்லாம் குபெர்னெட்டீஸோட நேம்ஸ்பேஸ் கண்ட்ரோலர் தன்னோட சொந்த அதிகாரத்துல அழிச்சிடும். அதாவது ஒரு சீக்ரெட்டைக் கூடப் படிக்க முடியாத டோக்கன், கிளஸ்டர்ல இருக்கிற எல்லா டீமோட சீக்ரெட்டையும் டேட்டாவையும் ஒரே ராத்திரியில இல்லாம ஆக்க முடியும். மேன்ஷன்ல எந்த ரூமுக்குள்ளேயும் நுழைய அனுமதி இல்லாத ஒருத்தர்கிட்ட புல்டோசர் சாவியைக் கொடுத்த மாதிரி.

குபெர்னெட்டீஸே டிஃபால்ட், க்யூப்-சிஸ்டம், க்யூப்-பப்ளிக் மூணையும் அழிக்க விடாது. அவ்வளவுதான் பாதுகாப்பு. உங்களோட, என்னோட நேம்ஸ்பேஸை அது காப்பாத்தாது.

"ஆர்பேக்லயே டெமோன்னு ஆரம்பிக்கிறதை மட்டும் அழிக்கலாம்னு எழுத முடியாதா?" முடியாது. ரிசோர்ஸ் பேரை முழுசா குறிப்பிடலாம், ஆனா முன்னொட்டையோ லேபிளையோ வச்சு உரிமை கொடுக்க ஆர்பேக்ல வழி இல்லை. எங்க நேம்ஸ்பேஸ் பேர் தினமும் மாறுது, முன்கூட்டியே எழுதி வைக்கவும் முடியாது.

14:40 | ஹெடர் வழியா வர்ற ஆபத்து

இன்னொரு பக்கமும் இருக்கு. கேமல்ல ஆபரேஷனை முகவரியில எழுதாம விட்டா, கனெக்டர் அதை மெசேஜோட ஹெடர்ல தேடும். ஒரே எண்ட்பாயின்ட் வச்சு எல்லா வேலையும் செய்யலாமேன்னு வசதியாத் தெரியும். ஆனா அப்போ உருவாக்குறதா அழிக்கிறதாங்கிறதை முடிவு பண்றது உங்க ரூட் இல்லை, உள்ளே வர்ற மெசேஜ்.

வெளியில இருந்து ஹெச்டிடிபி வழியா வர்ற ஹெடர்கள்ல "கேமல்"னு ஆரம்பிக்கிறதை ஃபில்டர் தடுத்துடும்னு நாம நம்பிக்கிட்டு இருந்தோம். 2025 மார்ச்ல சிவிஇ-2025-27636 வெளியாச்சு. அந்த ஃபில்டர் பெரிய எழுத்து, சின்ன எழுத்தைக் கறாரா பார்த்துச்சு. கேமலோட ஹெடர் மேப் அதைப் பார்க்காது. அதனால எழுத்தோட அளவை மட்டும் மாத்தி அனுப்பினா ஃபில்டரைத் தாண்டி உள்ளே வந்துடலாம். 4.10.2, 4.8.5, 3.22.4 பதிப்புகள்ல சரி பண்ணிட்டாங்க. அது நேம்ஸ்பேஸ் கனெக்டருக்குன்னே வந்த ஓட்டை இல்லை. ஆனா பாடம் நமக்கும்தான்: பதிப்பை மேம்படுத்துங்க, ஆபரேஷனை முகவரியிலேயே எழுதிப் பூட்டுங்க, வெளியில இருந்து வர்ற ரூட்ல "கேமல்"னு ஆரம்பிக்கிற ஹெடர்களை முதல் வரியிலேயே நீக்கிட்டு, உங்களுக்கு வேண்டியதை மட்டும் நீங்களே வைங்க.

16:10 | கன்ஸ்யூமர்: ஒரே செய்தி ரெண்டு தடவை

கன்ஸ்யூமர் பக்கம் சுருக்கமா. லேபிள் கீ, லேபிள் வேல்யூ கொடுத்தா அந்த நேம்ஸ்பேஸ்களை மட்டும் கவனிக்கும். என்ன நடந்துச்சுங்கிறது ஈவன்ட் ஆக்ஷன் ஹெடர்ல வரும்: ஆடட், மாடிஃபைட், டிலீடெட். அழியும்போது முதல்ல டெர்மினேட்டிங் ஆனதுக்கு ஒரு மாடிஃபைட், முடிஞ்ச அப்புறம்தான் டிலீடெட்.

கவனிக்க வேண்டியது, குபெர்னெட்டீஸ் ஏபிஐ-ல ஒரு வாட்சைப் புதுசா ஆரம்பிச்சா, ஏற்கெனவே இருக்கிறதையும் "ஆடட்"னு அனுப்பும். அதனால உங்க ரூட் ரீஸ்டார்ட் ஆகும்போது ஆறு மாசப் பழைய நேம்ஸ்பேஸுக்கு "வாழ்த்துகள், உங்க நேம்ஸ்பேஸ் தயார்"னு டீம் சாட்ல மெசேஜ் போகலாம். கேமல்லயே ஐடெம்போடென்ட் கன்ஸ்யூமர்னு ஒரு பேட்டர்ன் இருக்கு. நேம்ஸ்பேஸோட யூஐடி-யையும் ஈவன்ட் வகையையும் சேர்த்துச் சாவியா வச்சு, பார்த்ததைத் திரும்பப் பார்க்காம தடுத்துடுங்க. பேரைச் சாவியா வைக்காதீங்க, அழிச்சுட்டு அதே பேர்ல மறுபடி உருவாக்கலாம். யூஐடி மட்டும்தான் மாறும்.

17:20 | இப்போ எப்படி அமைச்சிருக்கோம்

அந்த வாரத்துக்கு அப்புறம் நாங்க மாத்தினதை வரிசையா சொல்றேன்.

முதல்ல, ஒரு ரூட்டை ரெண்டா உடைச்சோம். உருவாக்குற ரூட்டுக்கு ஒரு சர்வீஸ் அக்கவுன்ட், அதுக்கு நேம்ஸ்பேஸ் மேல டிலீட் உரிமையே இல்லை. அழிக்கிற ரூட்டுக்கு இன்னொரு அக்கவுன்ட், அதுக்குக் கிளஸ்டர் முழுக்க லிஸ்ட் பண்ற உரிமை மட்டும்தான் உண்டு.

அப்போ அது எப்படி அழிக்கும்? இங்கதான் ஆர்பேக்ல இருக்கிற ஒரு நல்ல விஷயம் உதவுச்சு. ஒரு நேம்ஸ்பேஸை எடுக்க, மாத்த, அழிக்கக் கேட்கும்போது, குபெர்னெட்டீஸ் அந்தக் கோரிக்கையை அந்த நேம்ஸ்பேஸுக்குள்ள வந்த கோரிக்கையாவும் கணக்குல எடுத்துக்கும். அதனால நேம்ஸ்பேஸுக்குள்ளேயே ஒரு ரோல் பைண்டிங் போட்டு "இந்த அக்கவுன்ட் இந்த நேம்ஸ்பேஸை அழிக்கலாம்"னு சொல்ல முடியும். உருவாக்குற ரூட், நேம்ஸ்பேஸ் உருவான கையோட, ஃபேப்ரிக்8 கிளையன்ட்டை ஒரு பீன்ல கூப்பிட்டு இந்த ரோல் பைண்டிங்கை உள்ளே வச்சிடும். அந்த ரோலைக் கட்டிவிடுற உரிமையை, அதாவது "பைண்ட்", அந்த ஒரு ரோலுக்கு மட்டும் கொடுத்திருக்கோம்.

இதோட பலன் என்னன்னா, நாளைக்கு என் ஃபில்டர்ல தப்பு இருந்தாலும், வேற யாரோ கையால உருவாக்கின நேம்ஸ்பேஸை அழிக்கப் போனா 403 வரும். கோடு தப்பா இருக்கலாம், உரிமை தப்பா இல்லை. அந்தச் சனிக்கிழமை இது இருந்திருந்தா, திங்கட்கிழமை காலையில எனக்கு ஒரு எரர் லாக் மட்டும்தான் வந்திருக்கும்.

ரெண்டாவது, பட்டியல் எடுக்க இப்போ லேபிள் வழியா தேடுற ஆபரேஷனைத்தான் பயன்படுத்துறோம். அப்புறம் காலாவதி தேதியை ரூட்லயே ஒப்பிடுறோம். லேபிள் இல்லாதது, தேதி புரியாதது எதையும் தொடுறதில்லை. சந்தேகம்னா விட்டுடு, அதுதான் விதி.

மூணாவது, முந்தின நாள் அந்த டீம் சாட்ல ஒரு மெசேஜ்: "நாளைக்கு ராத்திரி இது அழியும், வேணும்னா காலாவதித் தேதியை மாத்திக்கோங்க." இதுக்கு அரை மணி நேர வேலைதான். முதல் நாளே செஞ்சிருக்கணும்.

நாலாவது, புது ரூட் எதுவா இருந்தாலும் முதல் ஒரு வாரம் டிலீட் இருக்கிற இடத்துல வெறும் லாக். "இதை அழிச்சிருப்பேன்"னு எழுதும், அழிக்காது. அந்தப் பட்டியலை ஒரு மனுஷர் பார்த்துட்டு சரின்னு சொன்ன அப்புறம்தான் உண்மையான டிலீட்.

அஞ்சாவது, மிஞ்ச வேண்டிய டேட்டா இருக்கிற இடத்துக்கு ரீடெய்ன் பாலிசியும் வெலேரோ வச்சு பேக்கப்பும். டெமோ சூழல்தானேன்னு நினைக்கக் கூடாது. யாரோ அதுல மூணு வாரம் உழைச்சிருப்பாங்க.

உங்க கிளஸ்டர் 1.30 அல்லது அதுக்கு மேலன்னா, வேலிடேட்டிங் அட்மிஷன் பாலிசிங்கிறது முழு நிலைக்கு வந்தாச்சு. "இந்த அக்கவுன்ட் அழிக்க வந்தா, அந்த நேம்ஸ்பேஸ்ல இந்த லேபிள் இருந்தே ஆகணும்"னு கிளஸ்டர்லயே ஒரு விதியா எழுதலாம். ரோல் பைண்டிங் வழி சிக்கலாத் தெரிஞ்சா இதைப் பயன்படுத்துங்க. ரெண்டும் இருந்தா இன்னும் நல்லது.

இன்னொண்ணு, உருவாக்குறதோட நிறுத்திடாதீங்க. புது நேம்ஸ்பேஸுக்கு சிபியு, மெமரி வரம்பு தானா வராது. கேமல்லயே ரிசோர்சஸ் கோட்டாவுக்குத் தனி கனெக்டர் இருக்கு, ரூட்ல அடுத்த படியா அதைக் கோர்த்துடுங்க.

20:10 | கடைசியா ஒரு சின்ன வீட்டுப்பாடம்

இந்த எபிசோட் முடிஞ்சதும் ஒரு வேலை செய்யுங்க. உங்க டீம்ல ஓடுற ஆட்டோமேஷன் அக்கவுன்ட் ஒவ்வொண்ணையும் எடுத்து, "க்யூப்-சிடிஎல் ஆத் கேன்-ஐ டிலீட் நேம்ஸ்பேசஸ்"ங்கிற கட்டளையை அந்த அக்கவுன்ட் பேர்ல ஓட்டிப் பாருங்க. எத்தனை இடத்துல "யெஸ்"னு வருதுன்னு எண்ணுங்க. ஒவ்வொரு யெஸ்ஸுக்கும் "இது யார் கேட்டது, எதுக்கு?"ன்னு ஒரு பதில் இருக்கணும். பதில் இல்லாத யெஸ்ஸை இன்னைக்கே எடுத்துடுங்க.

அந்த டெஸ்டிங் டீம் பொண்ணு, டேட்டா எல்லாம் திரும்ப என்ட்ரி போட்டு முடிச்ச அன்னைக்கு என்கிட்ட கேட்டாங்க: "அண்ணா, இனிமே நேம்ஸ்பேஸுக்கு டெமோன்னு பேர் வைக்கலாமா?" தாராளமா வைக்கலாம்னு சொன்னேன். பேரைப் பார்த்துப் பயப்பட வேண்டியது அவங்க இல்லை. பேரை மட்டும் பார்த்து அழிக்கிற மாதிரி எழுதினது நான்தான்.

இந்த மாதிரி உங்களுக்கும் ஏதாவது நடந்திருந்தா, கம்பெனி பேர் சொல்லாம எழுதி அனுப்புங்க, இன்னொரு எபிசோட்ல பேசுவோம். அப்புறம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதையும் லைவ் பண்ணாதீங்க. பை.